வருகைப் பதிவும் சம்பளச் சீட்டும் ஒத்துப்போகிறதா?

ஒரு நிறுவனத்தில் தொழிலாளர் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கையேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. யாராவது ஒருவர் பெயரை எடுத்து, அவருடைய ஒரு மாத வருகைப் பதிவு, ஓவர்டைம் பதிவேடு, சம்பளச் சீட்டு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆய்வுக்கு வருபவரும் இதைத்தான் செய்வார்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-ல் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே தொழிற்சாலை வேலைநேரம் பற்றியதுதான். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஓவர்டைமுக்குக் குறைந்தது ஒன்றே கால் மடங்கு கூலி. கூடுதல் நேரத்தைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பல நாட்டுச் சட்டங்கள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கின்றன. உங்களுக்குப் பொருந்தும் மடங்கு எது, எந்தத் தொகையின் மேல் என்பதை எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

தவறு பெரும்பாலும் நிமிடங்களில்தான் ஒளிந்திருக்கும். வேலை 9:00 முதல் 6:00 வரை. ஒருவர் 6:14-க்கு விரல் வைத்து வெளியேறுகிறார். மென்பொருள் 15 நிமிடக் கணக்கில் அதை 6:00 என்று வெட்டுகிறது. அதே ஆள் காலையில் 9:03-க்கு வந்தால் 9:15 என்று ஏற்றுகிறது. இரண்டு பக்கமும் தொழிலாளிக்கே நஷ்டம். மாலையில் போகும் 14 நிமிடம் 25 நாளுக்கு 350 நிமிடம். ஏறக்குறைய ஆறு மணி நேர உழைப்பு. இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள், மென்பொருளை நிறுவியவர் வைத்த அமைப்பு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். இயந்திரத்தில் பதிந்த நேரத்தைத் தொடாதீர்கள். திருத்தம் வேண்டுமென்றால் யார், எப்போது, ஏன் திருத்தினார் என்பது பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது ஓவர்டைம் விகிதம். மணிக்கு அடிப்படைச் சம்பளம் 60, நிலையான படி 40 என்று வையுங்கள். மொத்தத்தின் மேல் ஒன்றே கால் மடங்கு என்பது சட்டமானால் தர வேண்டியது 125. அடிப்படையை மட்டும் பெருக்கினால் 75-தான் போகும். மாதாமாதம் இதே சூத்திரம் ஓடுவதால் பாக்கி மளமளவென்று ஏறும். ‘முன் அனுமதி வாங்காமல் வேலை செய்தார்’ என்று சொல்லிக் கூலியை நிறுத்துவதும் பல நாடுகளில் செல்லாது. உழைத்த நேரத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, அனுமதி விஷயத்தைத் தனியாகப் பேச வேண்டும்.

பிடித்தம் பற்றிச் சுருக்கமாக: 1949-ஆம் ஆண்டின் ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கைப்படி, சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ அனுமதித்தால்தான் சம்பளத்தில் கைவைக்கலாம். உடைந்த கருவிக்காக மேற்பார்வையாளர் தன் போக்கில் பிடிப்பது இதில் வராது.

சம்பளம் போடுவதற்கு இரண்டு நாள் முன்பு ஐந்து பெயர்களை எடுத்துச் சரிபாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர், விலகியவர், இரவு ஷிப்டு பார்ப்பவர், ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர், நீண்ட விடுப்பில் இருந்தவர். கணக்கு பிசகுவது இந்த ஐந்து இடங்களில்தான் அதிகம். குறை தெரிந்தால் பழைய பதிவேட்டில் கைவைக்காமல், அடுத்த சம்பளத்தில் ‘நிலுவை’ என்று தனி வரியாக, எந்த மாதத்துக்கு, எத்தனை மணி நேரத்துக்கு என்று குறித்துக் கொடுங்கள். பின்தேதியிட்டு எழுதிய பக்கம் பார்த்தாலே தெரிந்துவிடும்: முப்பது நாள் கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும்.