ஊழல் வழக்கு விசாரணை அதிகாரி தேர்வு: முதல் தடவை கோட்டை விட்டதும் இரண்டாம் தடவை பிடித்ததும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் பண்ணினான். போலீஸில் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. "அண்ணா, லஞ்ச வழக்கு விசாரிக்கிற பக்கம் டெபுடேஷனில் வரணும், எந்த கைடு வாங்கட்டும்?" என்றான். (டெபுடேஷன் என்றால் சொந்தத் துறையிலிருந்து கொஞ்ச காலம் வேறு அமைப்புக்குப் போய் வேலை பார்ப்பது.) கைடே வாங்காதே என்று சொல்லி வைத்துவிட்டேன், அப்புறம் மனசு கேட்கவில்லை. சித்தூர் தாலுகாவில் (ஆந்திரா சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்) தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு மலையாளத்தில் கேஸ் டைரி எழுதிக்கொண்டிருக்கிற இன்னும் நாலு பேருக்கும் ஆகட்டும் என்று முழுசாக எழுதுகிறேன்.

நான் எழுதியது ஒரு கண்காணிப்பு அமைப்பில் இன்ஸ்பெக்டர் நிலைப் பணிக்கு. பெயர் வேண்டாம், இப்போது சோறு போடுகிற இடம். ஒரு எழுத்துத் தாள், அதில் சட்டமும் ஒரு வழக்குக் குறிப்பும், அதைத் தாண்டினால் நேர்காணல். எழுத்துத் தாளில் இரண்டு தடவையும் தேறினேன். முதல் தடவை மண்ணைக் கவ்வியது நேர்காணலில்.

எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ட்ராப் கேஸ். சிக்னல் வந்தது, உள்ளே போனீர்கள். பணம் அவர் கையில் இல்லை, மேஜை டிராயரில் கிடக்கிறது. கையைக் கழுவ வைத்தீர்கள், நிறம் மாறவில்லை. இப்போது?" (ட்ராப் என்றால், லஞ்சம் கேட்டவருக்குப் பவுடர் தடவிய நோட்டைக் கொடுக்க வைத்துக் கையும் களவுமாகப் பிடிப்பது. நோட்டைத் தொட்ட கையைச் சோடாத் தண்ணீரில் கழுவினால் நிறம் மாறும்.) நான் ஊழல் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 7, மூன்று முதல் ஏழு வருஷம் சிறை, பிரிவு 20 அனுமானம் (வாங்கியது நிரூபணமானால் அது லஞ்சம்தான் என்று கோர்ட் எடுத்துக்கொள்வது) என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். "தண்டனையை நீதிபதி பார்த்துக்கொள்வார். நீங்கள் அந்த அறையில் நிற்கிறீர்கள், அடுத்து உங்கள் கை எங்கே போகும்?" என்றார். என் கை கர்ச்சீப்புக்குத்தான் போனது.

ஊழல் தடுப்புச் சட்டம் 1988-ஐ நான் பிரிவு பிரிவாக மனப்பாடம் செய்திருந்தேன், ஒரு ஃபைலாகப் படிக்கவில்லை. இரண்டாம் தடவை ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே மூன்றே கேள்வி எழுதினேன்: இதை யார் செய்யணும், எப்போது செய்யணும், யார் முன்னால் செய்யணும். உதாரணத்துக்கு, யார் விசாரிக்கலாம் என்பது பிரிவு 17. சி.பி.ஐ.யில் இன்ஸ்பெக்டர், பெருநகரங்களில் உதவி ஆணையர், மற்ற இடங்களில் டி.எஸ்.பி.; மாநில அரசு உத்தரவு போட்டு அதிகாரம் கொடுத்தால் இன்ஸ்பெக்டரும் விசாரிக்கலாம். சொத்துக் குவிப்பு என்றால் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் உத்தரவும் வேண்டும். அடுத்தது 2018 திருத்தத்தில் வந்த 17ஏ. ஒரு அதிகாரி தன் பணியில் எடுத்த முடிவைப் பற்றிய புகார் என்றால் விசாரணைக்கே முன் அனுமதி வாங்கணும், அனுமதி கொடுக்கிறவருக்கு மூன்று மாதம், தேவைப்பட்டால் இன்னொரு மாதம். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்கிற ட்ராப்புக்கு அந்த அனுமதி தேவையில்லை. கடைசியில் கோர்ட் வழக்கை எடுத்துக்கொள்ள பிரிவு 19 சேங்க்ஷன், அதாவது வழக்குத் தொடர அனுமதி. 17ஏ-யையும் 19-ஐயும் குழப்பிக்கொண்டு தாளில் மார்க்கை விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

அப்புறம் சமையலறைக்கு வந்தேன். நிஜமாகத்தான். பாலக்காட்டில் பள்ளிக்கூட லேபுக்கு சாமான் விற்கிற கடையில் கொஞ்சம் பினாப்தலின், அதாவது ட்ராப் நோட்டில் தடவுகிற பவுடர், பலசரக்குக் கடையில் சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட். பத்து ரூபாய் நோட்டில் பவுடரைத் தடவி அம்மா கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கி முந்தானையில் முடிந்துவிட்டு, குழம்புச் சட்டி மூடியைத் தூக்கினார். சோடாத் தண்ணீரில் கையை விட்டால் ரோஜா நிறம். மூடியின் பிடியைத் துடைத்த பஞ்சும் ரோஜா நிறம். முந்தானையும். அன்றைக்குத்தான் அந்த டிராயர் கேள்விக்குப் பதில் கிடைத்தது. கையில் நிறம் வராவிட்டால் டிராயரின் உள்பக்கத்தை, அதன் பிடியை, பணம் எதன் மேல் கிடந்ததோ அதைப் பஞ்சால் துடைத்துச் சோதிக்கணும், ஒவ்வொன்றும் தனிப் பாட்டில், தனி சீல், தனி லேபிள். நாளாக ஆக நிறம் மங்கிப்போகலாம், அதனால் அன்றைக்கே மகஜரில் (அந்த இடத்தில் பார்த்ததையும் எடுத்ததையும் சாட்சிகள் முன்னால் எழுதுகிற பதிவு) நிறத்தை எழுதி, பாட்டிலைத் தாமதிக்காமல் லேபுக்கு அனுப்பணும். (வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் கையை நன்றாகக் கழுவுங்கள், அந்தக் காலத்தில் அதைப் பேதி மருந்தாகக் கொடுத்தார்கள். அம்மா குழம்பை மொத்தமாகக் கொட்டிவிட்டு, ஒரு வாரம் என்னை அடுப்படிப் பக்கமே விடவில்லை.)

நிறம் மட்டும் வழக்கை நிறுத்தாது, இதுதான் தாளிலும் நேர்காணலிலும் திரும்பத் திரும்ப வருகிற இடம். ஆந்திராவிலிருந்து உச்ச நீதிமன்றம் போன இரண்டு வழக்கு, 2014-ல் ஜெயராஜ், 2015-ல் சத்தியநாராயண மூர்த்தி, இரண்டிலும் பணம் கைப்பற்றப்பட்டது, ஆனால் லஞ்சம் கேட்டது நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை. அப்படியானால் புகார்தாரர் செத்துப்போனாலோ பிறழ் சாட்சி ஆனாலோ கேஸ் அவ்வளவுதானா? இல்லை என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் சொன்னது. கேட்டதும் வாங்கியதும் நிரூபணமாக வேண்டும், ஆனால் மற்ற சாட்சிகளாலும் சூழ்நிலைச் சான்றாலும் நிரூபிக்கலாம். தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் சுருக்கம் இருக்கிறது, அதையாவது படியுங்கள். இதிலிருந்து விசாரணை அதிகாரிக்கு வருகிற வேலை என்ன? உள்ளே போனதும் புகார்தாரரின் ஃபைலைத் தேடு. அது மூன்று மாதமாகப் பிடிபட்டவர் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தால், அவர் ஏன் லஞ்சம் கேட்டார் என்பதற்கு அதுவே சாட்சி. பிடிபட்டவர் முதலில் சொன்ன விளக்கத்தை, பொய்யே ஆனாலும், சொன்ன வார்த்தையிலேயே எழுது. கூடப் போன சாட்சியின் காதில் என்ன விழுந்தது என்பதைச் சூடு ஆறுவதற்குள் விசாரி.

மகஜர் எழுதுவதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், வேலையில் வரும் என்பார்கள், வராது. நான் தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஒரு மகஜர், கடிகாரம் வைத்து நாற்பது நிமிஷம். வீட்டில் இருப்பதையெல்லாம் எழுதினேன். "வடக்குப் பார்த்த மர அலமாரி, நான்கு தட்டு, இரண்டாவது தட்டில் இடது ஓரம் மூடி உடைந்த ஹார்லிக்ஸ் பாட்டில், உள்ளே ரூபாய் 1,340." அம்மா பார்த்துவிட்டு, "1,400 வச்சிருந்தேன், அறுபது ரூபா எங்கடா?" என்றார். நான் எடுக்கவில்லை, சத்தியமாக. ஆனால் எண்ணும்போது கூட ஒரு ஆள் இல்லையே! அந்த அறுபது ரூபாய்க்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை, வீட்டில் அது என் கணக்கில்தான் இருக்கிறது.

புதுச் சட்டங்களில் ஒரே ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 154-ன் எஃப்.ஐ.ஆர். இப்போது பி.என்.எஸ்.எஸ். என்கிற புதுச் சட்டத்தில் 173. பழைய 173-ன் இறுதி அறிக்கை இப்போது 193. பழைய ஆட்களுக்கு 173 என்றதும் கை தானாக குற்றப்பத்திரிகை என்று எழுதும். சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்கணும் என்பது பிரிவு 105, எடுத்த வீடியோவைக் கோர்ட்டில் காட்ட புது சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழ், ஹேஷ் மதிப்போடு (ஃபைலை யாரும் மாற்றவில்லை என்று காட்டுகிற எண்). அதற்கு மேல் இதில் பயப்பட ஒன்றுமில்லை.

மொழி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம்ம ஆட்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான், ஜெயிப்பதும் இங்கேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஃபைலில் "சாட்சி மொழி மாற்றி" என்று பார்த்துவிட்டு, சரி, தமிழில் சொன்னாராக்கும் என்று நினைத்தேன். மலையாள போலீஸ் பேச்சில் மொழி என்றால் வாக்குமூலம்! கைக்கூலி என்றால் நமக்கு எவனுக்கோ ஏவல் செய்கிறவன், அங்கே அதுதான் லஞ்சம். ஒரு சிறு நோட்டில் இப்படி நூறு வார்த்தை எழுதிவைத்தேன், தமிழ் ஒரு பக்கம், மலையாளம் ஒரு பக்கம், தாளில் எழுத ஆங்கிலம் மூன்றாவது.

இரண்டாவது நேர்காணலில் அந்த நோட்டுதான் காப்பாற்றியது. சொத்துக் குவிப்புக் கேள்வி. சம்பளம் கேரளாவில், மச்சான் பேரில் தோப்பு பொள்ளாச்சியில், எப்படிப் பிடிப்பீர்கள்? இங்கே தண்டப்பேர், அங்கே பட்டா சிட்டா. இங்கே குடிக்கடம், அங்கே வில்லங்கச் சான்று. மச்சானுக்கு அந்த வருஷம் வருமானம் என்ன, கிரயப் பணம் எந்த வங்கியிலிருந்து போனது, தேங்காய் குத்தகைக் காசு இப்போது யார் கைக்கு வருகிறது என்று வரிசையாகச் சொன்னேன். கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொந்தக்காரர்கள் இருக்கிற எவனுக்கும் இது தெரியும், தெரியும் என்பது தெரியாமல் இருக்கிறோம்.

கணக்கையும் கேட்பார்கள். விசாரணைக் காலத்தின் தொடக்கத்தில் சொத்து 8 லட்சம், முடிவில் 50 லட்சம், செலவு 18 லட்சம், வருமானம் 40 லட்சம் என்றால்: கூடிய சொத்து 42, செலவோடு 60, வருமானம் போக 20 லட்சம் மிச்சம், அதாவது வருமானத்தில் 50 விழுக்காடு. பத்து விழுக்காடு வரை விட்டுக்கொடுத்தது 1977 அக்னிஹோத்ரி தீர்ப்பு. கூட்டல் கழித்தல்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். ஜெயலலிதா வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2015-ல் 8.12 விழுக்காடு என்று கணக்கிட்டு எல்லோரையும் விடுவித்தது, கடன் தொகைகளின் கூட்டலே தப்பு என்று அன்றைக்கே பேச்சு எழுந்தது, 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. நான் ஒவ்வொரு கணக்கையும் கீழிருந்து மேலே இன்னொரு தடவை கூட்டுவேன், பலசரக்குக் கடைச் சீட்டு உட்பட.

கடைசியாக, படிப்போடு சம்பந்தமில்லாத ஒன்று. டெபுடேஷனுக்குத் துறையின் தடையில்லாச் சான்று, நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற சான்று, நம் வேலையைப் பற்றி மேலதிகாரி எழுதுகிற ரகசிய அறிக்கைகளின் நகல் எல்லாம் கேட்பார்கள். இடையில் ஒரு அறிவிப்பு எனக்குத் தவறிப்போனது இதில்தான்: என் ஃபைல் ஒரு மேஜையில் பத்தொன்பது நாள் கிடந்தது, யாரும் காசு கேட்கவில்லை, சும்மா கிடந்தது. தம்பி, நீ நாளைக்கே மனு போட்டு, கையெழுத்தும் தேதியும் போட்ட ரசீது வாங்கி வை. நோட்டு இரண்டும் வீட்டில்தான் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லி வைக்கிறேன், வந்து வாங்கிக்கொள். அறுபது ரூபாய் பேச்சை மட்டும் எடுத்துவிடாதே.