மார்ச் குறிப்புகள், சுங்கை சிப்புட்

மார்ச் 3, 2025, திங்கள்

டயாலிசிஸுக்காக அப்பா கையில் இணைத்த ரத்தக்குழாய் இன்னும் பருக்கவில்லையாம். இன்னும் ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள் என்றார்கள்.

அடுத்த வாரம் வியாழன் நான் எடுக்கிற கண்டெய்னர் வகுப்பு. வரப்போகிற ஆறு பேரும் வருடக்கணக்கில் நிரல் எழுதுகிறவர்கள். ஒரு நிரலை அதற்கு வேண்டியதோடு சேர்த்து, மற்றதிலிருந்து பிரித்து ஓட்டுகிற கண்டெய்னர் என்றால் மட்டும் "அது சர்வர் ஆளுங்க வேலை" என்று நகர்ந்துவிடுவார்கள். 40 ஸ்லைடு போட்டு வைத்திருக்கிறேன், தொடக்கமே கண்டெய்னர் வந்த வரலாறு. 1979-இல் யூனிக்ஸில் வந்த சிஹெச்ரூட், 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி ஜெயில், 2008-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வந்த சிகுரூப், 2013 மார்ச்சில் கண்டெய்னரை ஓட்ட நாங்கள் பயன்படுத்துகிற டாக்கர். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை காலையில் வேலையைத் திறக்கிற ஒருவருக்கு இதில் என்ன இருக்கிறது?

மார்ச் 4

காலையில் அப்பா மணிக்கட்டுக்கு மேல் விரல் வைத்துப் பார்த்தேன். அதிர்கிறது. இணைத்த குழாயில் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம்.

மார்ச் 6, வியாழன்

ஈப்போ ஆபீஸ் போய் வந்தேன். புதிதாகச் சேர்ந்த பையன் காலையிலிருந்தே ஒரே புலம்பல். "என் கம்ப்யூட்டர்ல ஓடுதே அக்கா, சர்வர்ல மட்டும் ஏன் படுத்துக்குது?" பார்த்தால் நிரலை ஓட்டுகிற நோட் என்ற மென்பொருள் அவனிடம் 20-ஆம் பதிப்பு, சர்வரில் 16. இதற்குத்தானே இமேஜ் என்கிறோம், உன் நிரலும் அதற்கு வேண்டிய நோடும் லைப்ரரிகளும் ஒரே கட்டாகப் போய்விடும், அங்கே என்ன இருக்கிறது என்ற கவலையே வேண்டாம் என்றேன். உடனே கேட்டான்: "அப்போ அது உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டரா?"

இல்லை. எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். என் வாயில் சட்டென்று வந்தது லயம்தான், தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அப்படிக் குட்டிக் கம்ப்யூட்டராக ஓடுகிற வெர்ச்சுவல் மெஷின் என்றால் தனி வீடு, தனி அஸ்திவாரம், தனிக் கூரை. கண்டெய்னர் என்றால் லயத்து வீடு. வாசல் வேறு, அடுப்படி வேறு, கூரை ஒன்றுதான். அந்தக் கூரைதான் கெர்னல். பையன் ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவன், லயம் பார்த்ததில்லை. படம் வரைந்து காட்ட வேண்டியதாயிற்று.

மார்ச் 8, சனி

தூக்கம் வரவில்லை. இன்று நடந்தது என் தப்பு.

எங்களில் மூத்தவர் மூன்று நாளாகச் சோதனைக்கு ரசீதுப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். புது இமேஜ் வந்ததும் பழைய கண்டெய்னரை அழித்துவிட்டுப் புதியதை ஓடவிட்டார். படங்கள் எல்லாம் போய்விட்டன. கண்டெய்னருக்குள் எழுதுவது கண்டெய்னரோடு போகும், தங்க வேண்டியதைக் கண்டெய்னருக்கு வெளியே இருக்கிற வால்யூமில் வையுங்கள் என்று என் ஸ்லைடில் இருக்கிறது. 31-ஆவது ஸ்லைடில்! சிஹெச்ரூட்டுக்கு மூன்றாவது ஸ்லைடைக் கொடுத்துவிட்டு இதைக் கொண்டுபோய்க் கடைசியில் போட்டிருக்கிறேன். அவர் திட்டவில்லை, "பரவாயில்லமா, திரும்ப ஏத்திக்கலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் இவ்வளவு உறுத்தாது.

கட்டளை எல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம். எது போகும், எது தங்கும் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்குக் கால் வீக்கம் கூடியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது, மெதுவாகத்தான் நிரம்புகிறது.

மார்ச் 9

மழை. இரண்டு முறை கரண்ட் போனது. அப்பா கை அதிர்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

இமேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதுகிற டாக்கர்ஃபைலில் இரண்டு வரியை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். லைப்ரரிப் பட்டியலை முதலில் காப்பி செய்து, நிறுவி, அதற்கு அப்புறம் நிரலை காப்பி செய்தால், நிரலில் ஒரு எழுத்து மாறியதற்காக மொத்த லைப்ரரியையும் மறுபடி இறக்காது. மேலே உள்ள அடுக்குகள் மாறாததால் பழையதையே எடுத்துக்கொள்ளும். இங்கே இருக்கிற இணைய வேகத்துக்கு இது பெரிய விஷயம். முதலில் 11 நிமிடம் ஆனது இப்போது 20 விநாடிதான்.

அறிக்கையில் நேரம் 8 மணி நேரம் பின்தங்கிக் காட்டுகிறது என்று இன்னொருவர். உள்ளே உலகப் பொது நேரமான யூடிசி ஓடுகிறது, மலேசியாவில் நாம் பிளஸ் 8. இதையும் வகுப்பில் சேர்க்க வேண்டும். 'இதே கம்ப்யூட்டர்' என்று பொருள்படும் லோக்கல்ஹோஸ்ட்டையும். கண்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கண்டெய்னரேதான், பக்கத்தில் ஓடுகிற டேட்டாபேஸ் இல்லை.

மார்ச் 12, இரவு

அப்பாவும் தூங்கவில்லை. என்னம்மா பண்றே என்றார். சொன்னேன்.

"கிள்ளான் துறைமுகத்துக்கு லாரியில போகுமே, அந்தப் பெட்டியா?"

"பேரு அங்கேருந்து வந்ததுதான்பா. 1956-ல அமெரிக்காவுல ஒரு கப்பல் 58 பெட்டி ஏத்திக்கிட்டு நெவார்க்குலேருந்து ஹூஸ்டன் போச்சு. அப்புறம் உலகமே பெட்டிக்கு மாறிடுச்சு."

லயம் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "லயத்துல தடுப்புச் சுவரு கூரை வரைக்கும் எட்டாதே. பக்கத்து வீட்டுல கருவாடு பொரிச்சா நம்ம வீட்டுல மணக்கும்" என்றார்.

அதேதான். கூரையைப் பகிர்ந்துகொண்டால் ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்கும் வரலாம். அதனால்தான் உள்ளே எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக ஓட்டாதீர்கள் என்கிறோம், அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் மெமரி அளவு வைக்கிறோம். இத்தனை நாள் எனக்கு இது தோன்றவே இல்லை.

மார்ச் 13, வியாழன்

நோன்பு இருப்பவர்கள் களைத்துப் போவதற்கு முன் முடிக்கலாம் என்று 9 மணிக்கே தொடங்கினோம். ஸ்லைடு எதையும் திறக்கவில்லை. ஒரு கண்டெய்னரை ஓடவிட்டு, உள்ளே ஒரு கோப்பு எழுதி, எல்லோர் கண்முன்னாலும் அந்தக் கண்டெய்னரை அழித்தேன். அதே இமேஜிலிருந்து மறுபடி ஒன்றை ஓடவிட்டேன். கோப்பு இல்லை. அப்புறம் வால்யூம் வைத்து அதையே செய்தேன். இருந்தது. மூத்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கண்டெய்னரை நிறுத்தச் சொன்னால் ஏன் 10 விநாடி இழுக்கிறது என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. டாக்கர் முதலில் பதமாகச் சொல்லிப் பார்க்கும், 10 விநாடியில் அடங்காவிட்டால் கொன்றுவிடும். இவன் நிரலை, கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற ஷெல் வழியாகத் தொடங்கியிருந்தான். ஷெல் அந்தச் செய்தியை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டது, நிரலுக்குச் சொல்லவில்லை. ஷெல் இல்லாமல் நிரல் நேராகத் தொடங்கும்படி, டாக்கர்ஃபைலில் அந்தக் கட்டளையைச் சதுர அடைப்புக்குறி வடிவில் எழுதச் சொன்னேன். உடனே நின்றது. அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றார்கள்.

மார்ச் 14

போன் வந்தது. அப்பாவுக்கு டயாலிசிஸ் திங்கள் காலை 6.30-க்கு. நான்கு மணி நேரம் ஆகுமாம், அறை குளிராக இருக்கும், போர்வை எடுத்து வரச் சொன்னார்கள்.