சிவப்பு வலது, நீலம் இடது

மே 4
அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மகளின் காது கேட்கும் மிஷின் காலையிலிருந்து ஏழு முறை கழன்று விழுந்தது.

மே 5
தூக்கினால் விசில். தோளில் சாய்த்தால் விசில். “கழற்றி வைத்துவிட்டுத் தூக்கேன்” என்கிறார் அத்தை. கழற்றிவிட்டால் நான் காதோரம் சொல்வது அவளுக்குக் கேட்காதே, அத்தை.

மே 7
காதுக்குப் பின்னால் இருக்கும் மிஷினையும், காதின் அச்சில் வார்த்து உள்ளே செருகும் மோல்டையும் இணைக்கும் டியூப் மஞ்சளாகி விறைத்துவிட்டது. பிப்ரவரியில் மாற்றியது. வளைந்து கொடுக்காமல் மோல்டையே காதிலிருந்து நெம்பித் தள்ளுகிறது. அவள்தான் பிடுங்கி எறிகிறாள் என்று ஒரு வாரமாக அதட்டிக்கொண்டிருந்தேன். மடலுக்குப் பின்னால் சிவந்த கோடு. வலித்திருக்கிறது. சொல்ல அவளிடம் சொல் இல்லை.

மே 8
புது டியூப் போட்டார்கள், காதில் வைத்து அளந்து வெட்டவில்லை. நீளம் கூடிப்போய் மிஷின் பின்னால் தொங்குகிறது. ஓடினால் ஆடுகிறது. போன முறை குட்டையாக வெட்டி, மேலே இழுத்து மடலை அறுத்தது. ஓரிரு மில்லிமீட்டர் பார்த்து வெட்ட ஒருவருக்கும் பொறுமை இல்லையா?

மே 9
டியூபுக்குள் வியர்வைத் துளி. ஊதி எடுத்தேன்.

மே 11
வேறு இடம். இந்த அம்மா முதலில் தரையில் அமர்ந்து அவளோடு விளையாடினார். பிறகுதான் விளக்கு வைத்துக் காதைப் பார்த்தார். குழந்தையின் காது வளர்ந்துவிட்டதாம், மோல்ட் பத்தவில்லை. இடுக்கு வழியாக வெளியே கசியும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போவதால்தான் விசில். நான் தூக்கும்போது என் தோள் அந்தச் சத்தத்தை மைக்குக்கே திருப்பிவிடுகிறது.

புது மோல்டுக்கு அச்சு எடுக்க, நூல் கட்டிய பஞ்சைக் காதுக்குள் வைத்து, சிரிஞ்சால் சிலிக்கானை நிரப்பினார். இறுகும்வரை அசையக் கூடாது. என் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தன் கையில் ஏற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் என் தங்கம்.

மே 14
பஸ்ஸில் இடது பக்க மிஷினைக் காணவில்லை. இறங்கும்போது என் முந்தானை மடிப்பில் இருந்தது. கை நடுக்கம் இரவுவரை நிற்கவில்லை. மிஷினில் நூல் கட்டி, மறுமுனைக் கிளிப்பைச் சட்டைக் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

மே 16
இருபுறமும் ஒட்டும் டேப். மதுரை வெயிலில் பதினொரு மணிக்கே உரிந்துவிட்டது. தோல் தடித்திருக்கிறது. இனி வேண்டாம்.

மே 19
மோல்ட் வரவில்லை.

மே 20
வரவில்லை.

மே 22
வந்துவிட்டது. மிருதுவான சிலிக்கான். மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, முனையை உள்ளே விட்டு, லேசாகத் திருப்பி, மேல் நுனியைக் காதின் மடிப்புக்குள் செருக வேண்டும். அந்த நுனியை இத்தனை நாளும் வெளியே விட்டிருந்தேன். ஒருவரும் சொல்லித்தரவில்லை. வீட்டில் பத்து முறை போட்டுப் பழகினேன். டியூபை அந்த அம்மா அவள் காதில் வைத்தே அளந்து வெட்டியிருந்தார்.

மே 23
தூக்கினேன். வலது பக்கம் சத்தமே இல்லை. “அம்மா” என்றேன், மெல்ல. திரும்பிப் பார்த்தாள்.

மே 25
அத்தை வலதை இடதில் போட முயன்றார். சிவப்புப் புள்ளி வலது, நீலம் இடது என்று பூஜை அறைக் காலண்டரில் எழுதி வைத்தேன். பாட்டரி மூடியைப் பூட்டிவிட்டேனா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அவள் வாயில் போட்டுவிட்டால்?

மே 28
பள்ளிக்கு இரட்டைச் சடையாம். இன்று பின்னிப் பார்த்தேன். இறுக்கிப் பின்னினால் மிஷின் நகர்கிறது, தளர்த்தினால் முடி டியூபில் சிக்குகிறது. காதுக்குக் கீழே தொடங்கிப் பின்ன வேண்டும்.

கன்னத்தை அழுத்தி முத்தமிட்டால் இடது பக்கம் இன்னும் கீச்சென்கிறது.

மே 30
இடதுக்கு மறுபடி அச்சு எடுக்க நாளை வரச் சொல்லியிருக்கிறார். இரவிலிருந்து சளி. காதைத் தொடவிட மாட்டேன் என்கிறாள்.