17 நுழையவில்லை, 18 ஆடியது: ஸ்கூபா ரிப்பேர் கிட், மூன்றாவது சுற்று

வேலூரில் இருந்துகொண்டு ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது) பழகுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கடலைப் பார்க்க ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் என்று பஸ் மாறிப் புதுச்சேரி போகவேண்டும். அவ்வளவு தூரம் போய்ப் படகேறிய பிறகு ஒரு ரப்பர் வளையம் காலைவாரினால் பயணமே வீண். போன வருஷம் எனக்கு அதுதான் நடந்தது. சிலிண்டர் வால்வைத் திறந்ததும், மூச்சு விடக் காற்றைத் தரும் ரெகுலேட்டர் அதைக் கவ்வும் இடத்தில் புஸ்ஸென்று காற்று. ஓ-ரிங் பிதுங்கி வெளியே வந்திருந்தது. என் பையில் வீட்டு டூல் பாக்ஸை அப்படியே கவிழ்த்த இரண்டரை கிலோ சாமான் இருந்தது. அந்த வளையம் மட்டும் இல்லை. மற்றவர்கள் இறங்கினார்கள். நான் படகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்ததும் என் கியர் முழுவதையும் மொட்டைமாடியில் பாய் விரித்துப் பரப்பினேன். எந்த இணைப்புக்கு என்ன அளவு ஸ்பேனர், அதற்குள் எந்த வளையம் என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினேன். அந்த நோட்டில் வேலை இல்லாத டூல் பையில் ஏறக்கூடாது என்று முடிவு.

ஸ்பேனரில்தான் முதல் சிக்கல். ஸ்கூபா ஹோஸ் நட்டுகள் பெரும்பாலும் இன்ச் கணக்கு. நம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 14-15, 16-17, 18-19. 9/16 இன்ச் என்பது 14.29 மி.மீ.; என் ஹோஸில் 14 இறுக்கமாகவே உட்கார்ந்தது. 5/8 என்பது 15.88, 16 கச்சிதம். செகண்ட் ஸ்டேஜ் (ரெகுலேட்டரில் வாயில் கவ்வும் பகுதி) பக்கம் வரும் 11/16 தான் படுத்தியது. அது 17.46. 17 நுழையவே இல்லை. 18 அரை மில்லி ஆடியது. நட்டு பித்தளை, இரண்டு தடவை வழுக்கினால் முனை மழுங்கிவிடும். ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று போதுமே என்றால், நட்டைத் திருப்பும்போது செகண்ட் ஸ்டேஜின் கழுத்தை அசையாமல் பிடிக்க அது தேவைப்படுகிறது.

கடைசியில் ஒரு 17-ஐ எடுத்து இரண்டு பக்கமும் கால் மில்லி அரத்தால் ராவினேன். கிரைண்டர் வைத்தால் சூட்டில் பதம் இறங்கிவிடும் என்று கை அரம்தான். இரண்டு சாயங்காலம் பிடித்தது. நட்டில் வைத்தபோது சத்தமில்லாமல் உட்கார்ந்தது பாருங்கள், அந்தத் திருப்தி தனி. பிறகு பட்டறையில் கொடுத்துக் கைப்பிடியைப் பாதியாக வெட்டினேன். எடைக்காக மட்டும் இல்லை. இந்த இணைப்புகளில் காற்றை அடைப்பது ஓ-ரிங்; முறுக்கு அல்ல. கையால் திருகி நின்ற பிறகு ஸ்பேனரில் லேசாக ஒரு அழுத்து போதும். நீளக் கைப்பிடி இருந்தால் கை தானாகவே அதிகமாக முறுக்கிவிடுகிறது.

ஓ-ரிங் வாங்க சத்துவாச்சாரி பக்கம் ஒரு ஆயில் சீல் கடைக்குப் போனேன்.

“இன்னா வண்டிக்குண்ணா?”

“வண்டிக்கு இல்லப்பா. கடலுக்குள்ள மூச்சு விடுற சாமானுக்கு.”

பையன் செய்துகொண்டிருந்ததை வைத்துவிட்டு வெர்னியரோடு வந்தான். “பிரஷர் எவ்ளோ?” இருநூறு பார் என்றேன். “அப்ப எழுவது ஹார்டு ரப்பர் பிதுங்கிடும்ணா. தொண்ணூறு போடுங்க.” ஜேசிபி ஹைட்ராலிக்ஸுக்கு வளையம் கொடுத்துப் பழகியவன். படகில் எனக்கு நடந்ததை நான் சொல்லாமலே சொல்லிவிட்டான். கிளாம்ப் மாட்டும் சிலிண்டருக்கு 014 நம்பர் வளையம்: உள் விட்டம் 12.42, தடிமன் 1.78. திருகி மாட்டும் டின் (DIN) வகைக்கு 112: உள் விட்டம் ஏறக்குறைய அதே, தடிமன் 2.62. பார்த்தால் அண்ணன் தம்பி போல் இருக்கும், ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்காது. அதனால் தனித்தனிக் கவரில் நம்பர் எழுதி வைத்திருக்கிறேன். பிரஷர் கேஜ் கழுத்துக்குள் வரும் 003 மிளகு அளவுதான். ஒரு கேஜுக்கு இரண்டு வேண்டும். பத்து வாங்கிவைத்தேன். கிரீஸ் சிலிக்கான் மட்டும்.

வளையத்தைக் கிளப்ப இரும்பு ஊசி ஆகாது. பள்ளத்தில் கீறல் விழுந்தால் புது வளையம் போட்டாலும் காற்று கசியும். பித்தளை வெல்டிங் ராடில் ஒரு துண்டு வெட்டி, நுனியைச் சுத்தியலால் தட்டையாக்கி, உப்புத்தாளில் தேய்த்து வழுவழுப்பாக்கினேன். கிட்டிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

பை விஷயத்தில் ஆசை முந்திக்கொண்டது. ஆம்பூர் தோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வேறெதை நினைப்பது? சுருட்டிக் கட்டும் தோல் பை தைத்தேன், பார்க்க அவ்வளவு அழகு. இரண்டே பயணத்தில் உப்பு ஈரம் குடித்து விறைத்தது, ஸ்பேனர்களிலும் துரு. இப்போது லாரி தார்ப்பாய்த் துண்டில் அதே அளவில் இன்னொன்று. வீட்டுக்கு வந்ததும் டூல்களையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்கிறேன்.

மௌத்பீஸ், இரண்டு கேபிள் டை, மாஸ்க் வார், 4, 5, 6 ஆலன் கீ, கட்டிங் பிளையர். இவற்றில் யோசிக்க ஒன்றும் இல்லை.

யோசித்துச் சேர்த்தது, பிசிடி (மிதக்க உதவும் காற்று ஜாக்கெட்) ஹோஸில் மாட்டிப் பார்க்கும் சின்ன பிரஷர் மீட்டர். முள் 9, 10 பார் பக்கம் நிலையாக நிற்கவேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் உள்ளே சீட் (காற்றை அடைக்கும் பகுதி) தேய்ந்திருக்கும். அதைப் படகில் பிரிக்க நான் துணியமாட்டேன். அன்றைக்கு அந்த ரெகுலேட்டரோடு இறங்குவதும் இல்லை.

மொத்த எடை இப்போது 780 கிராம்.

பிப்ரவரியில் கூட வந்த தம்பி ஒருவரின் கேஜ் கழுத்தில் பொடிப்பொடியாகக் குமிழி. சிலிண்டரை மூடி, ஹோஸில் இருந்த காற்றை முழுக்க வெளியேற்றி, ஒரு ஸ்பேனரால் கேஜைப் பிடித்து இன்னொன்றால் நட்டைக் கழற்றினோம். உள்ளே இருந்த 003 இரண்டில் ஒன்று வெட்டுப்பட்டிருந்தது. இரண்டையும் மாற்றி, நட்டை மூடி, சிலிண்டரைத் திறந்து, கேஜைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. “அண்ணே, வாங்க இறங்கலாம்” என்றார். இரண்டு பேரும் ஒன்றாகவே இறங்கினோம்.