சேரின் கேள்வியும் ஜெனரல் சோசபோவ்ஸ்கியும்

உயர்தர வகுப்பில் எங்களுக்கு ஐரோப்பியச் சரித்திரம் படிப்பித்த சேர், தோற்றுப்போன சண்டை எது வந்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "பழியை ஆற்றை தலையில போட்டிருக்கினம்? அதை எழுதி வைச்சது ஆர்?" திகதிகளை மறந்தால்கூட அவ்வளவாகக் கோபிக்க மாட்டார். இந்தக் கேள்வியைக் கேட்காமல் பதில் எழுதினால் கொப்பி திரும்பி வந்துவிடும்.

லண்டனுக்கு வந்து, வேலையும் பிள்ளைகளுமாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஸ்தனிஸ்லாவ் சோசபோவ்ஸ்கி என்ற போலந்து ஜெனரலைப் பற்றி வாசித்தேன். சேர் இருந்திருந்தால் ஒரு தவணை முழுக்க இவரைப் பற்றியே பேசியிருப்பார்.

1892இல் பிறந்தவர். 1939இல் வார்சோவைக் காத்து நின்ற படைகளில் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். நகரம் வீழ்ந்தபின் சிறைப்பட்டு, தப்பி, பிரான்ஸ் வழியாக பிரித்தானியா வந்து சேர்ந்தார். ஸ்கொட்லாந்தில் அவர் உருவாக்கிய பரசூட் படை ஒரே ஒரு நோக்கத்துக்கானது: வார்சோ கிளர்ந்தெழும் நாளில் அங்கே போய்க் குதிப்பது. 1944 ஓகஸ்ட் முதலாம் திகதி வார்சோ எழுந்தது. படையோ பிரித்தானியத் தலைமையின் கீழ் இங்கிலாந்தில் இருந்தது. அந்த எழுச்சியில் போராடிய அவருடைய மகன் கண்பார்வையை இழந்தார். தகப்பன் அனுப்பப்பட்டது நெதர்லாந்துக்கு.

ஜெர்மானியர் வசமிருந்த நெதர்லாந்தில், ரைன் நதிக்கு மேலான ஆர்ன்ஹெம் பாலத்தை பரசூட் படைகளை இறக்கிப் பிடிக்கும் நேசநாடுகளின் திட்டத்தைப் பற்றி அவர் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தார். ஜெர்மானியரின் பலத்தைக் குறைவாக எடைபோடுகிறீர்கள் என்பதுதான் அவருடைய வாதம். மூடுபனியால் தாமதமாகி, செப்டெம்பர் 21இல் ரைன் நதியின் தென்கரையில் டிரீல் என்ற ஊரில் இறங்கினார்கள். புறப்பட்ட விமானங்களில் பல வழியிலேயே திரும்பிவிட்டன. வடகரையில் சுற்றிவளைக்கப்பட்டிருந்த பிரித்தானியப் படைக்கு உதவ ஆற்றைக் கடக்க வேண்டும். அதற்கு நம்பியிருந்த படகுத்துறை கைவிட்டுப் போயிருந்தது. சிறு ரப்பர் படகுகளில், சூட்டுக்கு நடுவே, இரண்டு இரவுகளில் இருநூறு பேரளவில்தான் அக்கரை சேர முடிந்தது. 24ஆம் திகதி வால்பர்க்கில் நடந்த கூட்டத்தில், கடப்பதென்றால் பெரும்படையோடு வேறு இடத்தில் கடப்போம் என்றார். பிரித்தானியத் தளபதிகள் கேட்கவில்லை. அன்றிரவு கடந்த பிரித்தானியப் படைப்பிரிவில் பெரும்பாலானோர் பிடிபட்டார்கள்.

திட்டம் தோற்றது. அப்புறம்தான் கடிதங்கள் வருகின்றன. போலந்துக்காரர் மோசமாகச் சண்டையிட்டார்கள் என்று ஒக்ரோபரில், திட்டத்தை முன்வைத்த பிரித்தானியத் தளபதி மொன்ட்கொமரி எழுதினார். இவரோடு வேலை செய்ய முடியாது என்று நவம்பரில், வான்வழிப் படைகளுக்குத் தலைமை தாங்கிய பிரித்தானிய ஜெனரல் பிரவுனிங் எழுதினார். டிசம்பரில் பதவி பறிபோனது. அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பானவர்களே அதன் தோல்விக்குச் சாட்சியமும் எழுதினார்கள். அதுவும் தங்கள் பெயரைக் காப்பாற்ற வேண்டிய வேளையில். சோசபோவ்ஸ்கி முன்கோபக்காரர், மேலதிகாரிகளின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுபவர் என்பது உண்மைதான். அது அவருக்கு எதிராகப் பயன்பட்டது. ஆனால் முன்கோபத்தால் ஆர்ன்ஹெம் தோற்கவில்லை. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

போருக்குப் பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த போலந்துக்கு அவர் திரும்பவில்லை. மேற்கு லண்டனில் அக்டனில் ஒரு தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாக வயதுபோகும்வரை வேலை செய்தார். அதே மேற்கு லண்டன் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் செய்த நம்மவர்களுக்கு, பக்கத்து மெசினில் நிற்பவர் ஊரில் என்னவாக இருந்தார் என்று தெரியாமலே வருடங்கள் போவது புதிதில்லை. இவர் 1967இல் காலமானார். உடல் பிறகு வார்சோவின் பொவாஸ்கி இராணுவ மயானத்தில் அடக்கப்பட்டது.

2006இல் நெதர்லாந்து அரசி அவருடைய படைக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதையும் அவருக்கு வெண்கலச் சிங்க விருதையும் வழங்கினார். அதே ஆண்டு டிரீலில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. அதற்கு முன்னின்றவர்கள் ஆர்ன்ஹெமில் சண்டையிட்ட பிரித்தானிய முன்னாள் வீரர்கள். அதிகாரிகள் எழுதியதை, கூட நின்று சண்டை பிடித்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சாட்சியம்தான் பெரிது.

நெதர்லாந்தில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆர்ன்ஹெமுக்கு எதிர்க்கரைதான். ஒவ்வொரு செப்டெம்பரிலும் ஊரார் கூடி அந்தப் படையை நினைவுகூருகிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.