ஸ்காட்லாந்தில் அம்மா தேடிய மூன்று வாரம்

செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேரப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே முதலாண்டுப் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளும் சீனியர்களை 'அகாடமிக்' அம்மா, அப்பா என்பார்கள். "உங்கள் அகாடமிக் அம்மா இவர், அப்பா இவர்" என்று பட்டியல் போட்டு மின்னஞ்சல் வரும் என்று காத்திருக்காதீர்கள். நான் மூன்று வாரம் காத்திருந்தேன். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன். வரவேயில்லை.

தப்பு என்னுடையதுதான். பெரியம்மா மகன் கேம்பிரிட்ஜில் படித்தவன். அங்கே 'காலேஜ் பேரன்ட்ஸ்' என்று இரண்டு சீனியர்களைக் காலேஜிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். அவனுக்குக் கோடை விடுமுறையிலேயே அவர்களிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. சைக்கிள் எங்கே வாங்கலாம், போர்வை கொண்டுவரணுமா என்பது வரை எழுதியிருந்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸிலும் 'அகாடமிக் குடும்பம்' உண்டு என்று படித்ததும், எனக்கும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

இங்கே நடப்பது வேறு. மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்கள் முதலாண்டுப் பிள்ளைகளைத் தத்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் நேரில் பார்த்துப் பழகித்தான் எடுப்பார்கள். விருந்திலோ, சங்கக் கூட்டத்திலோ, விடுதிச் சமையலறையிலோ பேசிப் பிடித்துப்போனால் ஒருவர் கேட்பார், இன்னொருவர் சரி என்பார். அவ்வளவுதான். 1413இல் தொடங்கிய பல்கலைக்கழகம் என்பதால் வழக்கங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவை எல்லாம் வாய்வழியாகத்தான் வருகின்றன. ஆள் தெரியாவிட்டால் விஷயமும் தெரியாது.

விசா, விமானம், ஆன்லைன் பதிவு எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. ஒரே ஒரு விஷயம்: ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது, 1969இலேயே மூடிவிட்டார்கள். எடின்பரோவிலிருந்து ரயிலில் வந்து லூக்கர்ஸில் இறங்கி, 99ஆம் எண் பஸ் பிடிக்க வேண்டும். இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்தால் பகலில் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

இரண்டாம் வாரம் ஒரு விருந்துக்குப் போனேன். நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் எல்லாரையும் கூப்பிட்டு, "இனி நான்தான் உங்கள் அப்பா" என்றான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எண் வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதாகச் சொன்னான். ஞாயிறு போனது, அடுத்த ஞாயிறும் போனது. செய்தி அனுப்பினால் பதில் இல்லை. பிறகுதான் தெரிந்தது, அன்று ராத்திரி மட்டும் பதினோரு பேரைத் தத்தெடுத்திருக்கிறான், அதுவும் குடித்துவிட்டு. யார் யார் என்று அவனுக்கே நினைவில்லை. நூலகத்தில் எதிரே வந்தபோது என்னை அடையாளம் தெரியாமல் கடந்து போனான். அன்று அறைக்கு வந்து அழுதேன். வீட்டை விட்டு எட்டாயிரம் கிலோமீட்டர் வந்திருக்கிறவளுக்கு 'அப்பா' என்ற சொல் விளையாட்டாக இருக்காது என்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

அதனால் முதல் விருந்தில், கையில் கோப்பையோடு ஒருவர் கேட்டால் உடனே சரி என்று சொல்லாதீர்கள். "நாளைக்குக் காபி குடித்துக்கொண்டே பேசலாமா?" என்று கேளுங்கள். உண்மையாகக் கேட்டவர் வருவார்.

இதே நேரத்தில்தான் வங்கிக் கணக்கு என்னைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் வாங்கி வந்த பயண அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடித்தார்கள். இங்கே ஒரு கணக்குத் திறந்தால்தான் அப்பா பணம் அனுப்ப வசதி. நான் தேர்ந்தெடுத்த வங்கியின் கிளை பக்கத்து நகரமான டண்டீயில் இருந்தது. முகவரிக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த கடிதம், பாஸ்போர்ட், விசா விவரத்துக்கான ஷேர் கோடு எல்லாவற்றையும் ஃபைலில் போட்டுக்கொண்டு போனேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "குடும்பப் பெயர் எது?"

"இல்லை. எனக்கு ஒரே பெயர்தான்."

"குடும்பப் பெயர் இல்லாமல் எப்படி?"

இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து, அது குடும்பப் பெயர் இல்லை, எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் என்று வரிசையில் நின்ற எல்லாரும் கேட்கும்படி விளக்கினேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, சிவப்பு நட்சத்திரம் போட்ட காலிக் கட்டத்தைக் காட்டினார். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாதாம். அப்பா பெயருக்கு ஆதாரம் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான்கு நாள் கழித்துப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். ஒரு ஆய்வக வகுப்பு போச்சு. இந்த முறை வேறொருவர் இருந்தார். சான்றிதழ்களைத் தொடக்கூட இல்லை. "கடிதத்தில் இரண்டு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் எதுவும் செய்ய முடியாது" என்றார். விண்ணப்பம் நிரப்பும்போது, கோயம்புத்தூரில் உதவி செய்த ஏஜென்சிக்காரர் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டிருந்தார். மாணவர் பதிவிலும் அதுவே இருந்தது, கடிதத்திலும் அதுவே வந்தது. இதை முதல் நாளே அந்த முதல் ஆள் பார்த்துச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பயணம் மிச்சம். அவர் கையில்தானே கடிதமும் பாஸ்போர்ட்டும் இருந்தன!

திரும்பி வரும் பஸ்ஸில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு டே ஆற்றுப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு ஒரு பெண். "எந்த வங்கி?" என்று கேட்டார். என் முகத்திலேயே எழுதியிருந்ததாம். நான் சொன்னேன். அவர் பையிலிருந்து தன் கார்டை எடுத்துக் காட்டினார். அதில் ஒரே ஒரு பெயர்.

அவர் இந்தோனேசியாவில் ஜாவாவைச் சேர்ந்தவர், மூன்றாம் ஆண்டு. ஜாவாவிலும் பலருக்கு ஒற்றைப் பெயர்தானாம், குடும்பப் பெயர் என்பதே இல்லையாம். நான் இரண்டு வாரமாகப் பட்ட பாடு எல்லாம் அவர் இரண்டு வருடத்துக்கு முன்பே பட்டிருக்கிறார். பஸ் லூக்கர்ஸ் வருவதற்குள் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். முதலில் மாணவர் பதிவில் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மாற்றச் சொல். பிறகு புதுக் கடிதம் வாங்கு. அந்தக் கிளைக்குத் திரும்பப் போகாதே, எனக்குத் திறந்து கொடுத்த இடத்துக்கு வா, நானும் வருகிறேன்.

ஊரில் இறங்கியதும் மூட்டையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். நடந்துகொண்டே அவர் கேட்டார், "உனக்கு இங்கே அம்மா கிடைத்தாச்சா?"

இல்லை என்றேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன். "நீங்கள் இருக்கிறீர்களா?"

"நான் குடிக்க மாட்டேன். எங்கள் வீட்டில் டீதான். பரவாயில்லையா?" என்றார். நான் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்த நிபந்தனையை அவரே போட்டுவிட்டார்.

பெயர் மாற்றம் ஒரே நாளில் முடிந்தது. கேட்டால் செய்துகொடுக்கிறார்கள், நான்தான் கேட்காமல் இருந்தேன். அடுத்த வங்கியில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டம் வந்ததும், "இருக்கிற ஒரு பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுங்கள், மற்றதைக் காலியாக விடுங்கள், எனக்கும் அப்படித்தான் செய்தார்கள்" என்றார். இருபது நிமிடம் ஆனது. பஸ்ஸுக்கு நான் காசு கொடுத்ததைப் பார்த்து அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2022 ஜனவரியிலிருந்து பஸ் இலவசம். அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். டண்டீக்கு நான் போய் வந்த பணத்தை நினைத்தால் இன்னும் எரிகிறது. வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னொன்றும் அன்றைக்கே காட்டினார். நார்த் ஸ்ட்ரீட்டில் செயின்ட் சால்வேட்டர் தேவாலயத்தின் முன்னால் தரையில் கற்களால் பி.ஹெச். என்று பதித்திருக்கும். 1528இல் பேட்ரிக் ஹாமில்டன் என்ற புராட்டஸ்டன்ட் மதச் சீர்திருத்தக்காரரை உயிரோடு எரித்த இடம் அது. அதை மிதித்தால் பட்டம் கிடைக்காது என்பது இங்கே நம்பிக்கை. மிதித்துவிட்டால் மே முதல் தேதி விடியற்காலையில் வட கடலில் முங்கி எழுந்தால் தோஷம் போகுமாம். நான் வந்த நாளிலிருந்து தினமும் அதன் மேல்தான் நடந்திருக்கிறேன். மே மாதம் முங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "அம்மா, எனக்கு இங்க ஒரு அம்மா கெடச்சுட்டாங்க" என்று போனில் ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "ஏங் கண்ணு, நான் இருக்கறப்ப இன்னொரு அம்மா எதுக்கு?" என்றார். அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை. உட்கார்ந்து முழுவதும் சொன்னேன், பஸ், அரிசி மூட்டை, வங்கி எல்லாம். தயவுசெய்து நீங்கள் இப்படி ஆரம்பிக்காதீர்கள். முதலில் "ஒரு சீனியர் அக்கா" என்று சொல்லுங்கள்.

அகாடமிக் அப்பா அவருடைய வகுப்புத் தோழர், பக்கத்து ஊரான குப்பரைச் சேர்ந்தவர். எனக்கு மூன்று சகோதரர்களும் வாய்த்தார்கள். பாடம் தேர்வு செய்வதில் அகாடமிக் அப்பா சொன்ன யோசனை எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. முதலாண்டில் மூன்று பாடம் எடுக்கலாம் என்பதால் நான் மூன்றிலும் ஆய்வகம் உள்ளதாகப் போட்டிருந்தேன். வார அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒன்றை மாற்றச் சொன்னார். மாற்ற முதல் சில நாள்தான் அவகாசம், எனக்கு அது முடிந்துபோயிருந்தது. இப்போது மூன்று ஆய்வகத்தோடு திண்டாடுகிறேன். அம்மா அப்பாவைச் சீக்கிரம் தேடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

அக்டோபரில் ரெய்சின் வார இறுதி, அகாடமிக் குடும்பங்களின் கொண்டாட்டம். ரெய்சின் என்றால் உலர்திராட்சை. பிள்ளைகள் பெற்றோருக்கு நன்றியாக ஒரு பவுண்டு எடை உலர்திராட்சை கொடுப்பது பழைய வழக்கம். இப்போது பலரும் ஒயின் பாட்டில்தான் கொடுக்கிறார்கள். நான் திராட்சையே கொடுத்தேன், கடையில் கிடைத்த அரைக் கிலோ பாக்கெட். ஞாயிறு அம்மா வீட்டில் டீ. மாலை அப்பா வீட்டில் விருந்து, அங்கே எனக்கு இஞ்சிச் சாறு தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்துவதில்லை, குறைந்தபட்சம் எங்கள் குடும்பத்தில். சொல்லக் கூச்சப்பட்டு அன்று இரவு அவதிப்பட்டவர்களையும் பார்த்தேன்.

திங்கள் காலை அம்மா எங்களுக்கு வேஷம் கட்டிவிடுவார். அப்பா 'ரசீது' கொடுப்பார், திராட்சை பெற்றுக்கொண்டேன் என்று லத்தீனில் எழுதி. தாளில் எழுத மாட்டார்கள், தூக்கிக்கொண்டு நடக்கச் சிரமமான ஏதாவது ஒரு பொருளில் எழுதுவார்கள். எனக்குத் துணி தேய்க்கும் பலகை. லத்தீனில் பிழை இருந்தால் சீனியர் யாரும் வழியில் நிறுத்தி, பல்கலைக்கழகப் பாட்டைப் பாடச் சொல்லலாம். ஒருவர் நிறுத்தினார், பிழையும் கண்டுபிடித்தார். அம்மா ஒரு வாரமாக முதல் பத்தியைச் சொல்லிக் கொடுத்திருந்ததால் தடுமாறாமல் பாடினேன். அவர் கைதட்டி வழிவிட்டார்.

கடைசியில் மைதானத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஷேவிங் நுரையை ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சுவார்கள். நுரை கண்ணில் பட்டால் நன்றாக எரியும். நீச்சல் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். போனை அறையிலேயே வைத்துவிடுங்கள். என் தம்பி ஒருவன் போன் அன்றோடு போய்விட்டது.

புதன்கிழமை வங்கிக் கார்டு தபாலில் வந்தது. எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனேன். குக்கரில் சோறு வெந்துகொண்டிருந்தது. தன் கார்டை எடுத்து என் கார்டின் பக்கத்தில் மேஜை மேல் வைத்தார். ஆளுக்கு ஒரே பெயர். வீட்டு அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "அந்தப் புள்ளைய சாப்பிடச் சொல்லு."