கரும்பலகையும் ஒரு சேவலும்

மார்ச் 4
ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி, லிஃப்ட் பக்கத்துக் கரும்பலகையில் இன்று: "என்னைக் கொல்லாதது என்னை வலிமையாக்குகிறது – நீட்சே." அடியில் மஞ்சள் சாக்பீஸில் ஒரு பூ. அப்பாவின் சிறுநீர்ப் பையில் 350 மில்லி.

மார்ச் 5
பலகை மாறவில்லை. காபிக்குப் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டு எரிச்சலூட்டுகிறது. ஜெர்மன் தத்துவவாதி நீட்சே அதை எழுதியது 1888இல். 1889 ஜனவரியில் தூரின் நகரத்தில் மனம் கலங்கி விழுந்தார், வயது 44. பிறகு பதினோரு ஆண்டுகள், அவர் எந்த நூலும் எழுதவில்லை. 1897 வரை தாய் பார்த்துக்கொண்டாள், அவள் போன பிறகு தங்கை. அந்தத் தாய் என்ன சொன்னாள் என்று எந்தப் பலகையிலும் எழுதுவதில்லை.

மார்ச் 6
சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு, கிரியாட்டினின், 4.1. அக்காவிடம் 3 என்று சொன்னேன்.

மார்ச் 7
தூக்கமில்லை. இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. சிஸ்டர் வந்து ஊசிக்குழலால் நீர் செலுத்தி, இழுத்து, மறுபடி செலுத்தினார். அப்பா பிடித்த பிடியில் என் கடிகாரப் பட்டை தோலில் பதிந்துவிட்டது. காலையிலும் அந்தத் தடம் போகவில்லை.

கிரேக்கத் தத்துவவாதி எபிக்யூரஸ் நினைவாகவே இருக்கிறது. "நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை." கல்லூரி நாட்களில் இதற்கு அடிக்கோடு போட்டவன் நான். அவர் போனதும் இந்த வழியில்தான். கல் அடைத்துச் சிறுநீர் நின்று, பதினான்கு நாள் கிடந்தார். கி.மு. 270 வாக்கில், வயது 72. கடைசி நாளில் நண்பர் இடோமெனியஸுக்குக் கடிதம் எழுதினார்: வலி இதற்குமேல் ஏற இடமில்லை, ஆனாலும் நாம் பேசிய பேச்சுகளின் நினைவு அதற்கு எதிரே நிற்கிறது என்று. பிறகு வெண்கலத் தொட்டியில் வெந்நீர், கொஞ்சம் மது, அவ்வளவுதான். கடும் வலி நீடிக்காது என்று சொன்னதும் இவரேதான். பதினான்கு நாள் எந்தக் கணக்கில் சேர்த்தி? அப்பாவுக்கு இன்று பன்னிரண்டு.

மார்ச் 8
பலகையில் சாக்ரடீஸ்: "ஆராயப்படாத வாழ்க்கை வாழத் தகுந்ததல்ல." எழுதுகிறவர் லிஃப்ட் பெரியவர். தினசரிக் காலண்டர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

"இவர் எழுதின புத்தகம் எது தம்பி?"

ஒன்றுமே எழுதவில்லை ஐயா, எல்லாம் அவர் மாணவர் பிளேட்டோ எழுதியது என்றேன்.

"கூடவே இருந்தாரா?"

விசாரணையில் இருந்தார். சாகும் நாளில் இல்லை, உடம்பு சரியில்லையாம். அதையும் பிளேட்டோவே தன் நூலில் வேறொருவர் வாயால் சொல்கிறார்.

"யாருக்குத்தான் உடம்பு சரியாயிருக்கிறது" என்று மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தினார்.

மார்ச் 9
பதினான்கு.

மார்ச் 10
650 மில்லி. நிறம் தெளிந்திருக்கிறது. அப்பா தானாக இட்லி கேட்டு, ஒன்றரை சாப்பிட்டார். சட்னி காரமாம். திட்டினார்! கேட்கச் சுகமாக இருந்தது.

சாக்ரடீஸ் கடைசியாகச் சொன்னதை யாரும் காலண்டரில் போடுவதில்லை. விஷத்தின் சில்லிப்பு இடுப்புப் பக்கம் ஏறிவிட்டது. முகத்து மூடுதுணியை விலக்கி, "கிரீட்டோ, அஸ்கிளீப்பியஸுக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு" என்றார். வேறு ஏதாவது உண்டா என்று நண்பர் கிரீட்டோ கேட்டதற்குப் பதில் வரவில்லை. அஸ்கிளீப்பியஸ் நோய் தீர்க்கும் தெய்வம். பிழைத்தவர்கள் சேவல் கொடுப்பார்கள். வாழ்க்கையே நோய், அதிலிருந்து பிழைத்ததற்கு என்று நீட்சே பொருள் கொண்டார். இவருக்கு எல்லாவற்றிலும் ஒரு வீறாப்பு. எனக்கென்னவோ, படுத்துக் கிடந்த பிளேட்டோவுக்காக நேர்ந்த சேவல் என்றே படுகிறது.

அக்கா இரவு போன் செய்தாள். முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாளாம். என்ன நேர்ந்தாய் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 11
பலகை துடைத்தபடி கிடக்கிறது. பெரியவர் விடுப்பு. கிரியாட்டினின் 3. அக்காவிடம் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

மார்ச் 12
சேவல் எண்ணூறு சொல்கிறானாம்.